வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் எல்லாருக்கும் மருந்து வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார், கணவர், நான், எட்டு வயது மகன், மூன்று வயது மகள் என ஐந்து பேர். ஐப்பசி மழையின்போது ஒரு ஞாயிறு இரவு மகனுக்கு 103 டிகிரி காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்குவதும் பிறகு ஏறுவதுமாக இருந்தது. செவ்வாய் மாலை குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டினோம். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்து, இன்ஃப்ளூயன்சா ஏ என்ற ஃப்ளூ வகை என்று சொல்லி, ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்தின் சிரப்பை ஐந்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். அன்றிரவே மகளுக்கும், புதனன்று கணவருக்கும், வியாழனன்று மாமியாருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. மாமியாருக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சற்று அதிகம். எல்லாருக்கும் வந்த அதே காய்ச்சல்தானே என்று, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கையும் பாராசிட்டமாலையும் கொடுத்தோம். ஞாயிறன்று அவருக்கு மூச்சு வாங்கியது. நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். "செவ்வாய்க்கிழமையே எல்லாருக்கும் அந்த மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும்" என்று கணவர் இன்றும் சொல்கிறார். மருந்துக் கடையிலோ சீட்டு இல்லாமல் தர மறுத்துவிட்டார்கள். மகனுக்கு மருந்து கொடுத்தும் மற்றவர்களுக்கு ஏன் பரவியது? தை மாதம் நாத்தனார் பிரசவத்துக்காக வரப்போகிறார். மறுபடியும் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மாமியார் நலமடைந்தது நிம்மதி தருகிறது. கணவரின் மனக்குறைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் மாலை ஐந்து பேருக்கும் மருந்து கொடுத்திருந்தாலும், உங்கள் மகளுக்கும் கணவருக்கும் வந்த காய்ச்சலை அநேகமாகத் தடுத்திருக்க முடியாது. மாமியாரின் விஷயம் வேறு. அவரைப் பொறுத்தவரை நீங்கள் நழுவவிட்ட நாள் வியாழக்கிழமை என்றே நினைக்கிறேன். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்கு, அந்த வாரத்தின் நாட்களை வைரஸின் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஃப்ளூ வைரஸ் உடலுக்குள் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாவது நாளில், காய்ச்சலாக வெளிப்படுகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே தொற்றியவரிடமிருந்து வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. அறிகுறி தோன்றிய முதல் இரண்டு மூன்று நாட்களில் அது உச்சத்தில் இருந்து, ஐந்து முதல் ஏழு நாட்களில் பெரும்பாலும் ஓய்கிறது. குழந்தைகள் இன்னும் சில நாட்கள் அதிகமாகவே வெளியேற்றுவார்கள். ஞாயிறு இரவு காய்ச்சல் கண்ட உங்கள் மகன், சனிக்கிழமை வீட்டுக்குள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தபோதே தொற்றைப் பரப்பத் தொடங்கியிருக்கக்கூடும். செவ்வாய் இரவு மகளுக்குக் காய்ச்சல் வந்தது என்றால், ஞாயிறு அல்லது அதற்குச் சற்று முன்பின்னாக அவளுக்குத் தொற்றியிருக்க வேண்டும். கணவருக்கும் அப்படித்தான். நீங்கள் மருத்துவர் வீட்டுப் படியேறுவதற்கு முன்பே அந்த இரண்டு தொற்றுகளும் நடந்து முடிந்துவிட்டன.

ஒரு வீட்டுக்குள் ஃப்ளூ வந்தால் அனைவரையும் படுக்க வைத்துவிட்டுத்தான் போகும் என்ற எண்ணம் நம்மிடம் உறுதியாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரோடு எச்1என்1 உலகெங்கும் பரவியபோது, அமெரிக்காவில் 216 குடும்பங்களைக் கண்காணித்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த 600 பேரில் 78 பேருக்கே, அதாவது 13 சதவீதத்தினருக்கே, மூச்சுப்பாதை நோய் வந்தது. 72 சதவீத வீடுகளில் இரண்டாவதாக ஒருவர்கூடப் படுக்கவில்லை. முதல் நோயாளிக்கும் அவரிடமிருந்து பெற்றவருக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக 2.6 நாட்கள். இரண்டே பேர் இருந்த வீட்டில் மற்றவருக்கு வரும் வாய்ப்பு 28 சதவீதமாகவும், ஆறு பேர் இருந்த வீட்டில் தலைக்கு 9 சதவீதமாகவும் இருந்தது. பெரிய குடும்பத்தில் ஒவ்வொருவரும் நோயாளியோடு கழிக்கும் நெருக்கமான நேரம் குறைவு என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு, 19 முதல் 50 வயது வரையுள்ளவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இந்த எண்களை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அந்த ஆய்வு கணக்கில் எடுத்தது அறிகுறி தோன்றியவர்களை மட்டுமே. பின்னாளில் வீட்டிலுள்ள எல்லாரிடமும் நாள்தோறும் மாதிரி எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வுகளில், 2017 முதல் 2020 வரையிலான பருவங்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கும், கோவிட் காலத்துக்குப் பிந்தைய 2021–22 பருவத்தில் 50 சதவீதத்தினருக்கும் தொற்று தெரிந்தது. ஆண்டுக்கு ஆண்டு, வைரஸுக்கு வைரஸ், வீட்டுக்கு வீடு இது மாறும். அதோடு, மழை பெய்கிறதென்று சன்னல்களை அடைத்துவிட்டு ஐந்து பேரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் வீட்டை அந்த ஆய்வாளர்கள் எத்தனை பார்த்திருப்பார்கள்? சென்னையிலும் வேலூரிலும் ஃப்ளூ ஐப்பசி, கார்த்திகை மழையோடு சேர்ந்து உச்சம் பெறுவது பல ஆண்டுகளின் கண்காணிப்பில் தெரிந்த செய்தி. திருச்சியும் அந்த மழைக்கு உட்பட்டதே.

வீட்டுக்குள் இது பரவும் வழிகளை நான் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் விவரித்துக் கேட்பதுண்டு. பாட்டி பேரனை மடியில் போட்டுக்கொண்டு ரசம் சாதம் பிசைந்து ஊட்டுகிறார். அவன் இருமினால் முதுகைத் தடவிவிட்டு, முந்தானையாலேயே மூக்கைத் துடைத்துவிடுகிறார். பிறகு அதே முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். சளி இளக வேண்டுமென்று ஒரே போர்வைக்குள் இருவருமாக ஆவி பிடிக்கிறார்கள். இரவில் பேரனின் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்க வசதியாக, அவன் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார். இருமலிலும் பேச்சிலும் மூச்சிலும் வெளிவரும் பெரிய திவலைகள் அருகில் இருப்பவர் மீது நேரே விழுகின்றன. நுண்ணிய திவலைகள் காற்றோட்டமற்ற அறையில் மிதந்துகொண்டிருக்கின்றன. எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் இந்த வைரஸ் ஒன்றிரண்டு நாட்களும், துணியில் 8 முதல் 12 மணி நேரம் வரையும் பிழைத்திருப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். கையில் அது சில நிமிடங்களே தாங்கும். ஆனால் கையிலிருந்து மூக்குக்கும் கண்ணுக்கும் போக அந்தச் சில நிமிடங்கள் போதும். தம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் நல்லதுதான் என்றாலும், காற்றில் வருவதை அது தடுக்காது.

இனி மருந்துக்கு வருவோம். ஃப்ளூ வைரஸ் நம் மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் புகுந்து பல்லாயிரமாகப் பெருகியபின், அந்தச் செல்லை விட்டுப் பிரிந்து அடுத்ததைத் தாக்க நியூராமினிடேஸ் என்ற நொதி அதற்குத் தேவைப்படுகிறது. டாமிஃப்ளூ என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த ஒசெல்டமிவிர் அந்த நொதியை முடக்குகிறது. பிறந்த வைரஸ்கள் செல்லின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. ஏற்கெனவே வெளியேறிப் பரவிவிட்டதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. பெருக்கம் முதல் இரண்டு நாட்களிலேயே உச்சத்தை எட்டிவிடுவதால்தான், 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதற்குள் தொடங்கினாலும் பலன் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நோய்க்காலம் சராசரியாக 17 மணி நேரமும், ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகவும் குறைகிறது என்பதே சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த அளவு. குமட்டலும் வாந்தியும் சிலருக்கு வரும். சாப்பிட்டபின் கொடுத்தால் குறையும்.

நோயாளிக்கு மருந்து கொடுத்தால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவுவது குறையுமா என்ற உங்கள் கேள்வி மருத்துவ உலகத்தையும் நெடுநாள் குடைந்த ஒன்று. இதை நேருக்கு நேர் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2025-இல்தான் வெளியானது. அமெரிக்காவின் மிச்சிகனில் பல பத்தாண்டுகளாகக் குடும்பங்களுக்குள் மூச்சுப்பாதை நோய்கள் பரவுவதை ஆராய்ந்துவந்த ஆர்னால்ட் மான்டோ அதில் முதன்மையானவர். ஒசெல்டமிவிரைவிட வேகமாக வைரஸின் அளவைக் குறைக்கும், ஒரே வேளை மட்டும் விழுங்கும் பெலோக்சவிர் என்ற மருந்தை, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஐந்து நாட்களில் வீட்டாருக்குத் தொற்றியது, வெற்று மாத்திரை தரப்பட்ட நோயாளிகளின் வீடுகளில் 13.4 சதவீதமாகவும், பெலோக்சவிர் தரப்பட்டவர்களின் வீடுகளில் 9.5 சதவீதமாகவும் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அறிகுறியோடு கூடிய நோயை மட்டும் எடுத்துக்கொண்டால், வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. உங்கள் மகனுக்குத் தரப்பட்ட ஒசெல்டமிவிரைப் பொறுத்தவரை, இந்த அளவுக்கு வலுவான சோதனை எதுவும் கிடையாது. வீடுகளைக் கவனித்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. முதல் நாளிலேயே தொடங்கினால் ஓரளவு உதவலாம் என்பதற்கு மேல் நான் உறுதி தரமாட்டேன். ஏறக்குறைய 48 மணி நேரம் கழித்துத் தொடங்கிய மருந்து மகனுக்குச் சிறிது உதவியிருக்கலாம். வீட்டுக்கு வேலி போட அதற்கு வாய்ப்பே இருக்கவில்லை.

இன்னும் நோய் வராதவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பது வேறு விஷயம். அதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. 2001-இல் வெளியான ஒரு சோதனையில், வீட்டில் முதல் நோயாளிக்கு அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மற்றவர்களுக்கு ஒசெல்டமிவிரை நாளுக்கு ஒருவேளை ஏழு நாட்கள் கொடுத்தபோது, அறிகுறியுடன் கூடிய ஃப்ளூ 89 சதவீதம் குறைந்தது. ஜப்பானில் 2018–19 பருவத்தில் பெலோக்சவிரை ஒரே வேளை கொடுத்துப் பார்த்ததில், வீட்டாரிடையே நோய் 13.6 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதத்துக்கு இறங்கியது. இவற்றைப் படித்தால் கணவர் சொன்னதே சரி என்று தோன்றும்.

ஆனாலும் எல்லாருக்கும் கொடுக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. உங்கள் கணவரைப் போன்ற திடமான ஒருவருக்கு ஃப்ளூ நான்கைந்து நாள் படுத்தி எடுத்துவிட்டுத் தானே போய்விடும். அதற்காக ஏழு நாள் மருந்து சாப்பிட்டுக் குமட்டலை வாங்கிக்கொள்வதில் லாபம் சொற்பம். அதைவிட முக்கியமானது, தடுப்புக்குத் தரப்படும் அளவு சிகிச்சைக்குத் தரப்படுவதில் பாதிதான். செவ்வாய் மாலையில் உங்கள் மகளைப்போல் ஏற்கெனவே தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருப்பவருக்கு அந்தப் பாதி அளவைக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத வைரஸ்கள் தப்பிப் பிழைக்க நாமே வழி செய்ததாகிவிடும். 2007-க்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் பன்றிக் காய்ச்சலுக்கு முன்பிருந்த பருவகால எச்1என்1 வைரஸ் உலகெங்கும் ஒசெல்டமிவிருக்கு அடங்காததாக மாறியது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆகவே சீட்டில்லாமல் தர மறுத்த மருந்துக் கடைக்காரர் மீது வருத்தம் வேண்டாம்; அவர் செய்தது முறையானது.

நம் நாட்டு சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சலும் இருமலும் மட்டும் உள்ளவர் ஏ பிரிவு. அவருக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஒசெல்டமிவிரும் வேண்டாம். வீட்டிலேயே இருக்க வேண்டும், வீட்டிலுள்ள அபாயம் மிகுந்தவர்களோடு கலந்து பழகக் கூடாது என்று அது சொல்கிறது. நாம் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அதுதான். கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, சிறுநீரகம், இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ போன்ற காய்ச்சல் வந்தால் அது பி பிரிவு; அவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒசெல்டமிவிரைத் தொடங்கலாம் என்கிறது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம் பாரித்தல் போன்றவை சி பிரிவு, நேரே மருத்துவமனைதான்.

இப்போது அந்த வியாழக்கிழமை. உங்கள் மாமியார் வயதாலும் சர்க்கரையாலும் சிறுநீரகத்தாலும் மூன்று வகையில் அபாயப் பட்டியலில் இருப்பவர். வீட்டில் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ நோயாளி இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தால், அது ஃப்ளூ என்று கொள்ள வேறு சான்று தேவையில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போயிருந்தால் நிமோனியா நிச்சயம் வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். வல்லுநர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், தீவிரமாகாத ஃப்ளூவில் அபாயம் மிகுந்தவர்களுக்குப் பெலோக்சவிரைப் பரிந்துரைத்து, ஒசெல்டமிவிரைத் தீவிர நோய்க்கே ஒதுக்குகிறது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமோ அபாயம் மிகுந்தவர்களுக்கு முடிந்தவரை விரைவாக ஒசெல்டமிவிர் தரச் சொல்கிறது. 2009 கொள்ளைநோயின்போது பல நாடுகளின் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 29,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது, இரண்டு நாட்களுக்குள் மருந்து தொடங்கியவர்களிடையே இறப்பு, தாமதமாகத் தொடங்கியவர்களைவிடக் குறைவாக இருந்தது. இது, யாருக்கு எப்போது மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து நடத்திய சோதனை அல்ல. ஆனாலும் 68 வயதில் சர்க்கரையோடு ஒருவர் என் முன்னால் முதல் நாள் காய்ச்சலோடு உட்கார்ந்தால், நான் தயங்காமல் எழுதிக் கொடுப்பேன். கிரியேட்டினினைப் பார்த்து அளவைக் குறைத்துத்தான் எழுதுவேன். ஆகவே மகனின் சிரப்பையோ மற்றவரின் கேப்ஸ்யூலையோ பங்கிட்டுக் கொடுக்கும் எண்ணம் ஒருபோதும் வேண்டாம். மருத்துவரைப் பார்த்திருந்தால், மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜன் அளவையும் யாராவது நாள்தோறும் கவனித்திருப்பார்கள் என்ற பயனும் இருந்திருக்கும்.

மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸ் பரவியபோது இந்திய மருத்துவ சங்கமே இதைச் சுட்டிக்காட்டி, தேவையற்ற ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ஃப்ளூவின் பின்னால் பாக்டீரிய நிமோனியா வருவது உண்மை. காய்ச்சல் இறங்கி ஓரிரு நாள் தேறியவருக்குத் திரும்பவும் காய்ச்சலும் சளியும் ஏறினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்கு ஒருபோதும் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ளூவோடு சேரும்போது ரேய் நோய்க்குறி என்ற, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய ஆபத்து அதில் உண்டு.

தை மாதத்துக்கு வருகிறேன். நாத்தனார் வந்திருக்கும்போது வீட்டில் யாருக்காவது திடீரென்று காய்ச்சலும் உடம்பு வலியும் இருமலும் வந்தால், முதல் இரவிலேயே படுக்கையைப் பிரியுங்கள். காய்ச்சல்காரர் தனி அறையில், கதவு சாத்தி, வெளிப்பக்கச் சன்னல் திறந்து படுக்கட்டும். தனி அறை இல்லாவிட்டால் நாத்தனாரும் மாமியாரும் வேறிடத்தில் படுக்கட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை, அதாவது உங்களையோ கணவரையோ, ஒதுக்குங்கள். பாட்டிக்கு அந்த வேலை வேண்டாம், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. காய்ச்சல்காரரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் முகக்கவசம் அணிந்து, அடிக்கடி சோப்பால் கை கழுவட்டும். ஹாங்காங்கில் 259 குடும்பங்களில் இதைச் சோதித்தபோது, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. அறிகுறி தோன்றி 36 மணி நேரத்துக்குள் இரண்டையும் தொடங்கிய வீடுகளில் மட்டும் பரவல் குறைந்தது. மருந்தைப் போலவே இதிலும் முதல் நாள்தான் கணக்கு.

மறுநாள் காலையில் நாத்தனாரின் மகப்பேறு மருத்துவரை அழைத்து, வீட்டில் ஃப்ளூ இருப்பதைச் சொல்லுங்கள். தொடர்பு ஏற்பட்ட 48 மணி நேரத்துக்குள் தடுப்பு அளவில் ஒசெல்டமிவிர் தரலாமா, அல்லது கவனித்திருந்து காய்ச்சல் வந்த உடனே முழு அளவில் தொடங்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார். மாமியாருக்காகவும் இதே கேள்வியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தி அனுபவம் உள்ள மருந்து ஒசெல்டமிவிர்தான், பெலோக்சவிர் அப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு ஃப்ளூ வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு உடம்பு சுட்டால் மட்டும், இரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. வீட்டுக்குள் ஃப்ளூ வந்தபின் போட்டால் அந்த முறைக்கு உதவாது. எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நாத்தனாருக்கு இப்போதே போட்டுக்கொள்வது இரட்டைப் பயன் தரும், ஏனென்றால் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று, ஆறு மாதம் ஆகும்வரை தடுப்பூசி போடமுடியாத அந்தச் சிசுவுக்கு முதல் சில மாதங்கள் ஓரளவு காப்பாக இருக்கும். மாமியாருக்கு ஆண்டுதோறும் போட வேண்டும். உங்களுக்கும் கணவருக்கும் குழந்தைகள் இருவருக்கும் போட்டுக்கொள்ள முடிந்தால் நல்லது. உங்கள் மகளுக்கு இதுவே முதல் முறை என்றால், நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படும் என்பதால், அவள் ஊசியை மார்கழிக்குத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.